உப்புக்கும் பெறாத வாதம்

நான்கவுரித் தீவுக்கூட்டத்தில் யானைக்கால் நோய் சொன்ன தேதியில் ஒழியவில்லை. மருந்து உடலுக்குள் போனாலும் புழுவைப் போய்ச் சேரவில்லை என்பதே அதற்குக் காரணம். ஆகவே தாவரப் பாலிமரில் செய்த நானோ துகளுக்குள் மருந்தை அடைத்து அனுப்பினால் கதை முடிந்தது. சென்ற இதழில் பக்கம் பக்கமாக நீண்ட கட்டுரையிலிருந்து கலைச்சொற்களை உரித்துப் போட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான். முதலாவது உண்மை. இரண்டாவது பிழை. மூன்றாவது, அந்தப் பிழையின் மேல் எழுப்பிய மாடி. நோயின் இயல்பு தெரியாமல் கட்டுரையாளர் இப்படி எழுதினாரா, அல்லது தனக்குத் தெரிந்தது வாசகருக்குத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதினாரா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டில் எது தமக்குக் கௌரவம் என்பதை அவரே தேர்ந்துகொள்ளட்டும்.

கட்டுரையில் அறவே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம்: இடம். போர்ட் பிளேயருக்கு (2024 முதல் அரசு ஆவணங்களில் ஸ்ரீ விஜயபுரம்) தெற்கே சுமார் 400 கிலோமீட்டரில் கமோர்ட்டா, கச்சால், நான்கவுரி, தெரசா, சவ்ரா என்று சிதறிக் கிடக்கும் நிக்கோபார் தீவுகள் அவை. நம் ஊர்களில் ஃபைலேரியா ஊழியர்கள் ராத்திரியில் வந்து கதவைத் தட்டி விரல் நுனியில் ரத்தம் எடுத்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இங்குள்ள நுண்புழு இரவில்தான் வெளி ரத்த ஓட்டத்துக்கு வரும், அதைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசுவும் இரவில்தான் கடிக்கும் என்பதால் அந்த நேரம். நான்கவுரியில் இருப்பது அதே வுச்செரீரியா பான்கிராஃப்டி புழுதான், ஆனால் பகலிலும் ரத்தத்தில் உலவும் வகை. இந்தியாவில் வேறெங்கும் இந்த வகை இல்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் நிவியஸ் கொசு காட்டு மரப் பொந்துகளில் தேங்கிய நீரில் பிறந்து, பகலில், வெட்டவெளியில், தென்னந்தோப்பிலும் காட்டோரத்திலும் வேலை செய்கிறவர்களைக் கடித்துவிட்டு, வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் காட்டுக்கே திரும்பிவிடும். நம் கட்டுரையாளரோ, நானோ மருந்தோடு கொசுவலையையும் கட்டாயமாக்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் பரிந்துரைக்கிறார். பகல் பதினோரு மணிக்குத் தேங்காய் பொறுக்குகிறவர் வலையைப் போர்த்திக்கொண்டா நடப்பார்? எந்தப் புழு, எந்தக் கொசு என்று தெரியாமலே தீர்வு எழுதிவிட முடிகிறது என்றால், அந்தத் தீர்வு எந்த ஊருக்காக எழுதப்பட்டது?

வீட்டுச் சுவரில் மருந்தடித்தும் பயனில்லை, வலை கட்டியும் பயனில்லை என்பதால் அந்தத் தீவுகளில் கையிலிருக்கும் ஒரே ஆயுதம் மருந்துதான். இதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. மருந்து எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்பதில்தான் சண்டை.

டைஎதில்கார்பமசின், சுருக்கமாக டி.இ.சி., 1947 முதல் மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. அதை உருவாக்கிய லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ். தண்ணீரில் தாராளமாகக் கரையும் மருந்து அது. வாய்வழி கொடுத்தால் குடல் அதைக் கிட்டத்தட்ட முழுதாக உறிஞ்சிவிடும், சில மணி நேரத்தில் ரத்தத்தில் உச்ச அளவை எட்டிவிடும், ரத்தத்திலிருக்கும் நுண்புழுக்கள் அதன்பின் மளமளவெனக் குறைந்துபோகும். முக்கால் நூற்றாண்டாக மருத்துவ நூல்கள் சொல்லிக்கொண்டிருக்கும் இந்தப் பாலபாடத்தை அறிந்த எவரும், மருந்து புழுவைச் சேரவில்லை என்று எழுதும்போது பேனா நடுங்கியிருக்க வேண்டும். கரையாத மருந்தைக் கரைய வைக்க, குடல் ஏற்காததை ஏற்க வைக்க, நஞ்சாக இருப்பதன் கூர்மையை மழுக்க நானோ துகள் உதவும் என்பதை யார் மறுத்தார்கள்? டி.இ.சி.க்கு இந்த மூன்று குறைகளில் எது இருக்கிறது? குடற்புழு மருந்தான அல்பெண்டசோலுக்கு முதல் குறை உண்டு. அதைப் பற்றி அவர் எழுதியிருந்தால் பேச ஏதாவது இருந்திருக்கும். நன்றாக நடக்கிறவனுக்குத்தான் ஊன்றுகோல் வாங்கித் தருவேன் என்று அடம்பிடிக்கிறார்.

அப்படியானால் இருபது ஆண்டுகளாக மாத்திரை கொடுத்தும் நோய் ஏன் தங்கியது என்று கேட்கிறார். நல்ல கேள்வி, அவர் கட்டுரையிலேயே நல்ல கேள்வி அதுதான். பதில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அடுத்த வரியிலேயே மூலக்கூறுகளுக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறார் என்பதுதான் வருத்தம். 2004இல் நாடு முழுக்க ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கச்சாலைச் சூறையாடியது. டிரிங்கெட் தீவில் மிஞ்சியவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு கமோர்ட்டாவுக்குப் போனார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பட்டியலைத் திரும்ப எழுத வேண்டிய நேரத்தில், மொத்த மக்கள்தொகையில் குறைந்தது 65 சதவீதம் பேராவது மாத்திரையை விழுங்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கைப் படகில் போய் எட்ட வேண்டியிருந்தது. உடம்பில் ஒரு வலியும் இல்லாதவரிடம், காலும் வீங்காதவரிடம், இந்த மாத்திரையைப் போட்டால் புழு சாகிறபோது காய்ச்சலும் தலைவலியும் வரலாம் ஆனாலும் போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். வாங்கிக்கொள்வார். விழுங்குவாரா? மாத்திரை கையிலிருந்து வாய்க்குப் போகாததுதான் அங்கே நிகழ்ந்தது. கைக்கும் வாய்க்கும் நடுவிலிருக்கும் அந்த ஒரு முழ இடைவெளியை எந்த நானோமீட்டரால் அளப்பீர்கள்?

இங்கேதான் கட்டுரையின் பெரிய மோசடி வருகிறது. கடுமையான சொல்தான், யோசித்தே எழுதுகிறேன். அந்த இடைவெளியைத் தாண்ட ஒரு வழி முன்பே கண்டுபிடிக்கப்பட்டு, நான்கவுரியிலேயே பரிசோதிக்கப்பட்டும் இருக்கிறது. அது உப்பு. சமையல் உப்பில் 0.2 சதவீத அளவுக்கு டி.இ.சி.யைக் கலந்து வீடுகளுக்குக் கொடுப்பது. அடுப்புச் சூட்டுக்கு அந்த மருந்து அசையாது, சுவையும் மாறாது, விழுங்கு விழுங்கு என்று யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் போர்ட் பிளேயர் மையம், ஆண்டு மாத்திரையோடு இந்த உப்பையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. மாத்திரை மட்டும் போன இடங்களைவிட உப்பும் போன இடங்களில் நுண்புழு விகிதம் தெளிவாக அதிகம் சரிந்தது. இதைக் கட்டுரையாளர் "பழைய முறைகள்" என்று அரை வரியில் கடந்துபோகிறார். அவருக்குத் தெரியாதா? அவர் மேற்கோள் காட்டும் ஆய்வேடுகளில் பாதி அதே மையத்தைச் சேர்ந்தவர்கள் எழுதியவை. தெரிந்தே விட்டிருக்கிறார், ஏனென்றால் உப்பு ஜெயித்தது என்று ஒப்புக்கொண்டால் மருந்து புழுவைச் சேரவில்லை என்ற அவருடைய அஸ்திவாரம் அங்கேயே உடைந்துவிடுகிறது. ஒரு மூலக்கூறையும் மாற்றாமல், அதே மருந்தை வேறு வழியாக வாய்க்குள் கொண்டுபோனதும் வேலை செய்ததென்றால், பழுது எங்கே இருந்தது?

பழைய முறை என்று ஏளனம் செய்கிறாரே, அந்தப் பழமையின் கதையையும் கொஞ்சம் கேட்கட்டும். இலட்சத்தீவில் பார்த்தார்கள். 1980களில் நம் காரைக்காலில், புதுச்சேரி கொசு ஆய்வு மையத்தின் மேற்பார்வையில் பார்த்தார்கள். சீனா மாகாணம் மாகாணமாக உப்பை ஊட்டி, 2007இல் நோயை ஒழித்த நாடு என்று பெயர் வாங்கியது. இலங்கையும் மாலத்தீவும் 2016இல் அந்தப் பட்டியலில் ஏறின. 2017இல் தாய்லாந்து ஏறியது. அதன் மேற்கு எல்லைக் காடுகளில் நோயைப் பரப்பியவையும் இதே ஏடிஸ் நிவியஸ் குழுவைச் சேர்ந்த கொசுக்கள்தான். அந்தமான் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாடு அது. அவர்கள் எத்தனை நானோ துகள் வாங்கினார்கள் என்று கட்டுரையாளர் விசாரித்துச் சொல்லலாம். உப்புக்கும் சிக்கல் இல்லாமலில்லை: பக்கத்துக் கடையில் மருந்தில்லாத உப்பு கிடைத்தால் திட்டம் ஓட்டைப் பானைதான், கப்பல் தாமதமானால் கையிருப்பு தீரும். ஆனால் அவை கடைக்காரரோடும் கப்பல் அட்டவணையோடும் பேசித் தீர்க்க வேண்டிய சிக்கல்கள். பேசித் தீர்ப்பதற்கு ஆய்வு நிதி கிடைக்காது என்பது வேறு விஷயம்.

சரி, நானோ மருந்தை ஒரு ஊசியாகப் போட்டால் ஓராண்டு தாங்கும் என்கிறாரே, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாமா? நாளுக்குப் பத்து கிராம் உப்பு, அதில் 0.2 சதவீதம் என்றால் 20 மில்லிகிராம் மருந்து, ஓராண்டுக்கு 7.3 கிராம். நானோ துகளில் மருந்தின் பங்கு பத்து சதவீதம் இருந்தாலே ஆய்வகத்தில் இனிப்பு வழங்குவார்கள். அதிலும் தண்ணீரில் கரையும் மருந்து, துகள் செய்யும்போதே நீருக்குள் நழுவிவிடும் என்பது அந்தத் துறையின் தீராத தலைவலி. தாராளமாகப் பத்து சதவீதம் என்றே வைத்துக்கொண்டால், ஓராண்டு மருந்துக்கு 73 கிராம் தூள். குறிபார்த்துப் போய்ச் சேர்வதால் பத்தில் ஒரு பங்கு போதும் என்று அவர் வாதாடினாலும் 7.3 கிராம். இதை எந்த ஊசிக்குழாயில் ஏற்றி, யாருடைய தொடையில் இறக்குவதாக உத்தேசம்? கணக்கு என்னுடையதல்ல, எட்டாம் வகுப்புப் பையனுடையது. அவனிடம் கேட்டிருந்தாலே ஒரு கட்டுரை மிச்சமாகியிருக்கும்.

ஊசி வேண்டாம், வாய்வழித் துகள் என்று வேறொரு பத்தியில் சொல்கிறார் (ஒரே கட்டுரையில் இரண்டு மருந்துகள், எது உதவுமோ அது அந்தப் பக்கத்தில் தலைகாட்டும்). அதுவும் மாவுச்சத்தில் செய்த துகளாம். மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் எச்சிலிலேயே இருக்கிறது என்பதை யாராவது அவருக்கு மெதுவாகச் சொல்லுங்கள். பலமாகக் குறுக்குப்பிணைத்துக் காப்பாற்றலாம்தான். அந்தப் பிணைப்புக்கு எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

ஆய்வகத்தில் புழுக்கள் செத்தன என்பது அவருடைய பிரமாணம். எந்தப் புழு? வுச்செரீரியா பான்கிராஃப்டிக்கு எலியிலோ முயலிலோ வளர்க்கும் மாதிரி கிடையாது. ஆகவே ஆய்வகங்கள் அதன் உறவுக்காரப் புழுவான புரூகியா மலாயியை வைத்தோ, கசாப்புக் கூடத்தில் மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்த செட்டாரியாவை வைத்தோ வேலை செய்கின்றன. அதில் தவறில்லை, வேறு வழியில்லை. ஆனால் மாட்டுப் புழு கண்ணாடிக் கிண்ணத்தில் செத்ததைக் கச்சால் மனிதரின் நிணநீர்க் குழாயில் செத்ததாக வாசகர் தலையில் கட்டுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. டி.இ.சி. தனியாக, கிண்ணத்தில் இருக்கும் நுண்புழுவைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அது மனித உடலின் எதிர்ப்பு வினையோடு சேர்ந்தே வேலை செய்கிறது. உடலே இல்லாத கிண்ணத்தில் டி.இ.சி. துகள் புழுவைக் கொன்றது என்றால், கொன்றது மருந்தா, அல்லது சாத்வீகம் என்று அவர் சத்தியம் செய்யும் துகளா? இந்தக் கேள்வி அவர் மனத்தில் எழவே இல்லை.

அடுத்து, பெரிய அண்ணனைத் துணைக்கு அழைக்கிறார்: காலா-அசார் நோய்க்கான லிப்போசோம் ஆம்போடெரிசின். நானோ மருத்துவம் ஒட்டுண்ணியை வென்ற கதை அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2010இல் வெளியான முசாஃபர்பூர் ஆய்வு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாதம் முழுக்க ஏற்றிய பழைய மருந்துக்கு ஒரே ஒரு முறை ஏற்றும் லிப்போசோம் மருந்து ஈடு என்று காட்டியது. ஆனால் அது ஏன் வென்றது? ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து. லிப்போசோம் அந்தக் கேட்டைக் குறைத்தது. ரத்தத்தில் நுழையும் எந்தத் துகளையும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருக்கும் பெருவிழுங்கணுக்கள் கவ்விப் பிடிக்கும். காலா-அசாரை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணி குடியிருப்பதும் அதே அணுக்களுக்குள்தான். துகள் தானாகப் போய் விழுகிற இடத்தில் எதிரி உட்கார்ந்திருந்தான். யானைக்கால் புழுவோ நிணநீர்க் குழாயில் இருக்கிறது. மேலும், அந்த லிப்போசோம் கொழுப்பால் ஆனது, பாலிமரால் ஆனதல்ல. நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்தவருக்குத் தருவது. கிலியட் நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக இலவசமாகக் கொடுப்பதால் ஏழைக்கும் எட்டுவது. மருந்து வேறு, பொருள் வேறு, உறுப்பு வேறு, நோயாளி வேறு, காசு கொடுப்பவர் வேறு. நானோ என்ற பெயர் மட்டும் ஒன்று. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டவர்கள்கூட இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லலாம். இவருக்கு அதுவும் இல்லை.

இனி, தாவரம். இயற்கையோடு இயைந்து வாழும் தீவு மக்களுக்கு இயற்கையான தாவரப் பாலிமரே ஏற்றது, ஆகவே அது தீங்கற்றது என்று உருகுகிறார். தாவரப் பாலிமர் என்று அவர் தரும் பட்டியலின் தொடக்கத்திலேயே கைட்டோசான் இருக்கிறது. அது இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருந்து எடுப்பது. எந்தத் தோட்டத்தில் இறால் காய்க்கிறது? ஆல்ஜினேட்டை ஒரு வழியாக மன்னிக்கலாம். மண்டபம் கடலோரத்தில் கிடைக்கும் பழுப்புப் பாசியைச் செடி என்று சொல்கிறவர்கள் நம்மிலும் உண்டு.

தாவரத்தில் பிறந்தால் தீங்கில்லை என்ற வாதத்துக்கு அரளியையும் எட்டியையும் எடுத்துக் காட்டி மறுப்பது கௌரவமில்லை. நான்கவுரித் தீவுக்கூட்டத்திலேயே, பல பத்தாண்டுகளாக விளைந்த ஒரு தாவரப் பாலிமரைக் காட்டுகிறேன்: ரப்பர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் கச்சாலில் குடியேற்றப்பட்டு, ரப்பர் மரங்களில் பால் இறக்கினார்கள். முழுக்க முழுக்க மரம் தந்த பாலிமர் அது. அதே ரப்பர் பாலில் செய்த கையுறைகள்தான் உலகமெங்கும் மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் ஒவ்வாமையைக் கொடுத்து, சிலரை மூச்சு முட்டவும் வைத்தன. கடைசியில் பல மருத்துவமனைகள் செயற்கைக் கையுறைக்கு மாறின. கச்சாலைப் பற்றிப் பத்து முறை எழுதுகிறவர் கண்ணில் கச்சாலின் ரப்பரும் படவில்லை, அதை உற்பத்தி செய்த தமிழர்களும் படவில்லை. அவருடைய தீவில் "இயற்கையின் குழந்தைகள்" மட்டுமே வசிக்கிறார்கள்.

குறுக்குப்பிணைப்புக்கு வருகிறேன் என்றேன். மாவுச்சத்துத் துகள்களைப் பிணைக்கப் பரவலாகப் பயன்படுவது எபிகுளோரோஹைட்ரின். மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கும் பொருள். புரதத்துக்கும் கைட்டோசானுக்கும் குளூட்டரால்டிஹைடு. எண்டோஸ்கோப்பி குழாயைக் கிருமி நீக்க ஊற்றி வைப்பார்களே, அது. சோளத்திலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலத்தை நானோ துகளாக்கப் பல முறைகளில் டைகுளோரோமீத்தேன் வேண்டும். இவற்றையெல்லாம் எச்சமில்லாமல் நீக்க முடியும், நீக்குகிறார்கள், அது வேதியியலின் திறமை. ஆனால் தொழிற்சாலையில் இத்தனை கரைப்பான்களில் மூழ்கி எழுந்து வந்த ஒன்றுக்கு இலை படத்தை ஒட்டி இயற்கை என்று விற்பது வியாபாரத்தின் திறமை. போதாக்குறைக்கு, செடியிலிருந்து எடுக்கும் பாலிமர் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்பத் தொகுதிக்குத் தொகுதி மாறும்; இந்த வேறுபாட்டைக் கட்டுக்குள் வைத்துக் காட்ட வேண்டும் என்பது எந்த மருந்துக் கட்டுப்பாட்டாளரும் கேட்கும் முதல் கேள்வி. அவர் கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை.

அவர் பக்கம் ஒரே ஒரு வலுவான வாதம் இருக்கிறது; நியாயமாக அதை நானே எடுத்துச் சொல்லிவிடுகிறேன், அவர் அதையும் கெடுத்து வைத்திருப்பதால். தோலுக்கடியில் செலுத்தும் 10 முதல் 100 நானோமீட்டர் துகள்கள் ரத்தத்துக்குப் போகாமல் நிணநீர்க் குழாய்க்குள் இழுக்கப்படும் என்பது உண்மை. வளர்ந்த புழுக்கள் இருப்பதும் அங்கேதான். ஆக, வளர்ந்த புழுவைக் கொல்லும் மருந்து ஒன்றை அப்படி அனுப்ப முடியுமா என்று கேட்டால் அது அறிவுள்ள கேள்வி. டாக்சிசைக்ளின் அந்தப் புழுவுக்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொன்று, புழுவை மலடாக்கி, மெல்லச் சாகடிக்கிறது. ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் தினமும் சாப்பிட வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் ஆகாது. அந்த ஆறு வாரத்தை ஒரு வாரமாக்கும் துகளைப் பற்றி எழுதியிருந்தால் நான் எழுந்து நின்று படித்திருப்பேன். கட்டுரை முழுக்கத் தேடினேன், டாக்சிசைக்ளின் இல்லை. எளிதில் கிடைப்பதும், கிண்ணத்தில் சட்டென்று படம் காட்டுவதும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஏன் இந்த அவசரம்? கட்டுரையின் நடுவில் போகிறபோக்கில் சொன்ன ஒரு வாக்கியத்தில் பதில் இருக்கிறது: தீவுகளின் காட்டுத் தாவரங்களிலிருந்தே புதிய பிசின்களைக் கண்டறிந்து, நான்கவுரியிலேயே முன்னோட்டப் பரிசோதனை தொடங்கலாமாம். அடேயப்பா! புதிதாக உடலுக்குள் போகும் துகளை முதலில் நோயற்ற தன்னார்வலர்களிடம், அவசர சிகிச்சைப் பிரிவு பக்கத்து வாசலில் இருக்கும் இடத்தில் சோதிப்பதுதான் உலக வழக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடல் கடக்க வேண்டிய பழங்குடி மக்களிடம் தொடங்குவதற்கு என்ன நியாயம்? 1956ஆம் ஆண்டின் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதி அந்தத் தீவுகளுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதையே தடுக்கிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. காட்டுச் செடியின் பலன் யாருக்கு என்ற கேள்வியும் புதிதல்ல. அகத்தியமலைக் காணிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து ஜீவனி மருந்து வந்தபோது, உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்கு என்று கேரளத்து நிறுவனம் ஒதுக்கியது. அதிலேயே யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்ற சச்சரவு ஓயவில்லை. இவரோ பங்கு என்ற பேச்சையே எடுக்காமல் காட்டுக்குள் போகப் பார்க்கிறார்.

உப்புத் திட்டம் மலிவானவர்களுக்கு மலிவான மருந்து, நானோ துகளே சமத்துவம் என்று கடைசியில் ஒரு கண்ணீர்த் துளியையும் உகுத்திருக்கிறார். நிக்கோபாரில் ஒவ்வொரு கிராமத்துக்கும் கேப்டன் என்று ஒரு தலைவர் இருக்கிறார். அவரும் பழங்குடி மன்றமும் சம்மதிக்காமல் ஒரு பொட்டலம் உப்புகூட வீட்டுக்குள் போகாது. கட்டுரையாளர் மறுமொழி எழுதுவதாக இருந்தால், அந்தக் கேப்டன்களில் ஒருவரிடமாவது பேசிவிட்டு எழுதட்டும், அந்த 7.3 கிராம் தூளை எந்த ஊசியில் ஏற்றுவது, கமோர்ட்டாவிலிருந்து கச்சாலுக்கு அதை எந்தப் படகு கொண்டுபோகும், ஒவ்வாமையில் ஒருவர் மயங்கினால் திரும்பிவர எந்தப் படகு நிற்கும், சம்மதப் படிவம் எந்த மொழியில் இருக்கும் என்பதையும் அதோடு எழுதட்டும். துகளின் விட்டம் எத்தனை நானோமீட்டர் என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். அது மட்டும் எங்களுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.